ஜெயில் கைதிக்குக்கூட விடுதலைத் தேதி தெரியும்!

சென்ற மாதம் ஒரு நாள் காலை. சங்க ஆபீசைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு பாஸ்போர்ட்டுகள், அரபியில் அச்சிட்ட ஒரு கசங்கிய காகிதம், வட்டிக்கடைச் சீட்டு ஒன்று.

"அண்ணே, ஒரே ஒரு விஷயம்தான் கேக்கணும். எம் மேல போட்ட பேன் தீர்ந்துச்சா, தீரலையா? அதை மட்டும் யாராச்சும் சொன்னாப் போதும்" என்றார்.

உட்காரச் சொல்லி, டீ வாங்கி வரச் செய்து, கதையைக் கேட்டேன்.

இராமநாதபுரம் ஜில்லாவில் வானம் பார்த்த ஒரு கிராமம் அவருடையது. 2014ல் துபாய்க்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் ஒழுங்காகச் சம்பளம் வந்தது. பிறகு கம்பெனி கையை விரித்தது. நாலு மாதம் சம்பளம் இல்லை. கேம்ப்பில் சாப்பாடும் இல்லை. ஊரில் தங்கை கல்யாணக் கடன் வேறு. என்ன செய்வார்? கேம்ப்பை விட்டு வெளியேறி, வேறு இடத்தில் தினக்கூலிக்கு வேலை செய்தார். சம்பளம் கொடுக்காத கம்பெனி சும்மா இருக்கவில்லை. "தொழிலாளி ஓடிவிட்டான்" என்று சர்க்காரிடம் புகார் எழுதிக் கொடுத்தது. 2018 மே மாதம் ஒரு சோதனையில் பிடிபட்டார். லாக்கப்பில் சில வாரங்கள். கைரேகை எடுத்தார்கள், கண்ணைப் படம் பிடித்தார்கள், அவுட் பாஸ் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டார்கள்.

இனிமேல்தான் விந்தை. அவர் ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்ட் 1ந் தேதி அமீரக சர்க்கார் பொது மன்னிப்பு அறிவித்தது. அந்த வருஷம் டிசம்பர் 31 வரை அது நீடித்தது. விசாக் காலம் முடிந்தவர்கள் தாமாக முன்வந்து ஊர் திரும்பினால் மறுபடி வரத் தடையில்லை என்றார்கள். இவருடன் ஒரே அறையில் படுத்தவர், ஒரே கம்பெனியில் ஏமாந்தவர், ஒரே புகாருக்கு ஆளானவர், அந்த மன்னிப்பில் ஊர் வந்தார். அடுத்த வருஷமே புது விசாவில் திரும்பிப் போனார். இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்.

செய்த காரியம் ஒன்று. மூன்று மாதம் முந்திப் பிடிபட்டவருக்குத் தடை. பிந்திப் போனவருக்குத் தடையில்லை!

2024ல் ஒரு ஏஜெண்டு இவரைத் தேடி வந்தான். "அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, பேன் தானாத் தீர்ந்திருக்கும். புதுப் பாஸ்போர்ட் எடு, நான் பார்த்துக்கறேன்" என்றான். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். விசாவும் வந்தது! வீட்டில் கிடா வெட்டினார்கள். விமானம் இறங்கியதும் கண்ணை ஒரு கருவிக்கு நேரே காட்டச் சொன்னார்கள். கருவி பழைய கணக்கைச் சொல்லிவிட்டது. இரவு முழுவதும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, மறுநாள் விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். இன்று அவருக்கு மாத வட்டி மட்டும் 3,600 ரூபாய். ஏஜெண்டின் போன் அணைந்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். தடையை நீக்குங்கள் என்று கேட்கவில்லை. பணத்தை மீட்டுத் தாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. தடை இருக்கிறதா, இல்லையா என்று சொன்னால் போதும் என்கிறார். ஒரு சுதந்திர நாட்டின் பிரஜைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை!

தடை ஒன்றல்ல, பல

அந்த அரபிக் காகிதத்தை, அரபி வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. நம் ஜனங்கள் எல்லாவற்றையும் "பேன்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுகிறார்கள். ஏஜெண்டுகள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

முதலாவது, வேலைத் தடை. இது தொழில் இலாகா போடுவது. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் வேலையை விட்டு மறைந்தவருக்கு ஒரு வருஷம் புதிய வேலைப் பெர்மிட் கிடையாது. இதற்குக் கெடு உண்டு. நாள் கழிந்தால் தீரும்.

இரண்டாவது, நாடு கடத்தல். இது வேறு ஜாதி. கோர்ட்டு தீர்ப்பினாலும் வரலாம், அதிகாரிகளின் உத்தரவினாலும் வரலாம். இதற்கு வருஷக் கணக்கே கிடையாது! 1973ம் வருஷச் சட்டத்தின்படி, நாடு கடத்தப்பட்ட அந்நியர் உள்நாட்டு மந்திரியின் விசேஷ அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது. அதற்குப் பதிலாக 2021ல் வந்த சட்டத்திலும் அதே கதைதான். இப்போது குடிநுழைவு அதிகார சபையின் தலைவர் அனுமதி தர வேண்டும். ஐந்து வருஷமானாலும், பதினைந்து வருஷமானாலும், அனுமதி இல்லையேல் தடை நிற்கிறது.

மூன்றாவது, போலீஸ் கேஸ் அல்லது கடன் கேஸ். பாங்குக் கடனைக் கட்டாமலோ, செக் திரும்பியோ ஊர் வந்தவர்களுக்கு இது இருக்கும். இது நுழைய விடாத தடையல்ல. உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொள்ளும் பொறி! அபுதாபி நீதித்துறை, தன் கோர்ட்டுகளில் வழக்கு இருக்கிறதா என்று அறிய 'எஸ்தஃப்ஸிர்' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. துபாய் போலீசாரும் பணக் கேசுகளை அறிய ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டு அடையாள அட்டை எண் இருந்தால் பார்க்கலாம். ஆனால் இங்கே "வழக்கு இல்லை" என்று வந்தால், நாடு கடத்தல் உத்தரவும் இல்லை என்று அர்த்தமல்ல. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் சரி என்று நினைத்து மோசம் போனவர்கள் உண்டு.

நமது நண்பரின் காகிதம் இரண்டாவது ரகம். ஆகவே "தீர்ந்ததா?" என்ற கேள்வியே அவருக்குப் பொருந்தாது. "நீக்கப்பட்டதா?" என்றுதான் கேட்க வேண்டும். இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தை 2018ல் விமானம் ஏற்றும்போது அவருக்குப் புரிகிற பாஷையில் யாராவது சொல்லியிருந்தால், ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கடன் அவர் தலையில் விழுந்திருக்குமா?

புதுப் பாஸ்போர்ட் என்ற ஏமாற்று

விசா எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். விசா மனு பாஸ்போர்ட் எண்ணோடு போகிறது. புது எண்ணுக்குப் பழைய கணக்கு ஒட்டாமல் போகலாம். ஆனால் கண்ணும் விரலும் மாறுமா? நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்பி வருவதைப் பிடிப்பதற்கென்றே, அமீரகம் இருபது வருஷங்களுக்கு முன்பே விமான நிலையங்களில் கண் பரிசோதனைக் கருவிகளை வைத்துவிட்டது. மலேசியா 2011லிருந்து கைரேகை எடுக்கிறது.

சில ஏஜெண்டுகள் இதற்கும் ஒரு படி மேலே போகிறார்கள். பெயரை மாற்று, பிறந்த தேதியை மாற்று என்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் 1967, 12வது ஷரத்தின்படி பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்குவது குற்றம். ஜெயில் தண்டனை உண்டு. அந்நிய நாட்டில் பாதிக்கப்பட்டவனைச் சொந்த நாட்டில் குற்றவாளியாக்கும் யோசனை இது!

மலேசியாவில் நிலைமை இன்னும் மோசம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் போகலாம் என்று அந்த சர்க்கார் சலுகை கொடுத்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விசா கேட்கிற நாட்டில், விசா மறுத்தால் ஊரிலேயே விஷயம் தெரிந்துவிடும். விசா கேட்காத நாட்டில், கோலாலம்பூர் விமான நிலையத்துக் கவுண்டரில் போய் நிற்கும்போதுதான் கறுப்புப் பட்டியலில் பெயர் இருப்பது தெரியும். டிக்கெட் காசு, ஏஜெண்டு காசு, வட்டி எல்லாம் போன பிறகு!

எழுத்தில் இருக்கிற நாடும் இல்லாத நாடும்

இந்தத் தடை விவகாரம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் சில நாடுகளில் கணக்கு எழுத்தில் இருக்கிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விசா விதியை மீறித் தங்கி, பிறகு தன் சொந்தக் காசில் தானாக வெளியேறியவருக்குப் பொதுவாக 12 மாதம் தடை. சர்க்கார் செலவில் வெளியேறியவருக்கு 2 வருஷம் அல்லது 5 வருஷம். பிடித்து அனுப்பப்பட்டவருக்கும், விசா மனுவில் மோசடி செய்தவருக்கும் 10 வருஷம். அமெரிக்காவில் 1996ல் செய்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் அனுமதியில்லாமல் தங்கித் தானாக வெளியேறினால் 3 வருஷம். ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 வருஷம். ஐரோப்பிய யூனியனில் 2008ம் வருஷ உத்தரவுப்படி, நாட்டுக்குப் பேராபத்து என்று கருதப்படுகிறவர்கள் நீங்கலாக, தடை 5 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. உத்தரவை எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அப்பீல் செய்ய வழி இருக்க வேண்டும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? இதுவும் முக்கியம். உத்தரவு போட்ட நாளிலிருந்தா, நாட்டை விட்டுப் போன நாளிலிருந்தா? ஐரோப்பிய யூனியனின் கோர்ட்டு 2017 ஜூலையில் ஒரு வழக்கில் இதைத் தீர்த்து வைத்தது. ஆள் உண்மையில் வெளியேறிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றது. உத்தரவு வாங்கிவிட்டு ஏழு வருஷம் அங்கேயே மறைந்திருந்தவருக்கு, ஏழு வருஷமும் கணக்கில் பூஜ்யம்தான். ஆகவே பாஸ்போர்ட்டில் குத்திய வெளியேற்ற முத்திரை தங்கத்துக்குச் சமம்.

இந்த மேற்கத்திய சர்க்கார்களைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஏழை நாட்டுத் தொழிலாளியின் முகத்தில் கதவைச் சாத்துவதில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. ஆனால் எத்தனை நாள் சாத்தியிருக்கும் என்பதையாவது கதவில் எழுதி ஒட்டுகிறார்கள். நம் ஜில்லாக்களின் கூலித் தொழிலாளிகள் போகிற நாடுகளில் அதுகூட ஒழுங்காக இல்லை. இருப்பதும் திடீரென்று மாறுகிறது. சவூதியில், திரும்பி வருவதாக விசா வாங்கி ஊருக்கு வந்து, கெடுவுக்குள் திரும்பாதவர்களுக்கு மூன்று வருஷத் தடை இருந்தது. 2024 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். எத்தனை கிராமங்களுக்கு அந்தச் செய்தி எட்டியது?

அப்பீல் உண்டா?

இங்கே இரண்டு காரியங்களைக் குழப்பக்கூடாது. அப்பீல் என்பது, "போட்ட உத்தரவே தவறு" என்று சொல்வது. அதற்கு நாள் கெடு உண்டு, பெரும்பாலும் சில நாள் அல்லது சில வாரம்தான். ஊர் வந்து பல வருஷம் கழித்து அதைப் பேசிப் பயனில்லை. தடை நீக்க மனு என்பது, "உத்தரவு இருக்கட்டும், இப்போது நிலைமை மாறிவிட்டது, தளர்த்துங்கள்" என்று கேட்பது. இதைப் பின்னாலும் கொடுக்கலாம்.

மலேசியாவில் அப்பீல் கதையைக் கேளுங்கள். காலம் கடந்து தங்கினால் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது 5 வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே என்று குடிநுழைவுச் சட்டத்தின் 15வது ஷரத்து மிரட்டுகிறது. ஆனால் குடிநுழைவு அதிகாரிகளின் முடிவைக் கோர்ட்டு ஆராயக்கூடாது, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்கலாம் என்று 59ஏ ஷரத்து சொல்கிறது. தண்டிக்கச் சட்டம் உண்டு, கேட்கக் கோர்ட்டு இல்லை!

அமீரகத்தில் நாடு கடத்தப்பட்டவர், காரணத்தையும் ஆதாரத்தையும் வைத்து, தடையைத் தளர்த்தும்படி மனுச் செய்யலாம். வழி இருக்கிறது. ஆனால் அரபியில் எழுத வேண்டும், அங்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும், வக்கீல் வைத்தால் கட்டணம் வேண்டும். இராமநாதபுரத்துக் கம்பி கட்டுகிறவருக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்?

"சட்டத்தை மீறியவனுக்கு என்ன பரிவு?"

இப்படிக் கேட்கிற கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. முதலில் சட்டத்தை மீறியது யார்? நாலு மாதச் சம்பளத்தை விழுங்கியவனா, பசி தாங்காமல் வேறு வேலை தேடியவனா? சம்பளம் கொடுக்காத முதலாளியின் ஒரு புகார்க் காகிதம், தொழிலாளியின் வாழ்நாளையே பூட்டிவிடுகிறது. தொழிலாளிக்கு வர வேண்டிய நாலு மாதச் சம்பளத்தைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி உண்டா?

"யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை" என்றும் சொல்வார்கள். சரி, யார் இல்லையென்றது? நம் நாடும் அந்நியர்களுக்குத் தடை போடத்தான் செய்கிறது. கேட்பது அதுவல்ல. தண்டனை என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டும். கொலை செய்து ஜெயிலுக்குப் போனவன் தன் தண்டனை என்ன என்று கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டிச் சொல்ல முடியும். எப்போது மனுப் போடலாம் என்றும் அவனுக்குத் தெரியும். சம்பளம் கேட்டு வெளியேறியவனுக்கு மட்டும் அது ரகசியமா?

இந்திய சர்க்கார் என்ன செய்கிறது?

1983ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாவது தேறாத தொழிலாளி, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அந்த ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்கு வரியும் தவிர வேறு வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நமது நண்பரிடம் வாங்கியது அதைப் போல் நான்கு மடங்கு! வெளிநாட்டில் கஷ்டப்படுகிறவர்கள் முறையிட 2015ல் 'மதத்' என்ற ஏற்பாடு வந்தது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கென்று ஓர் இலாகாவும் வாரியமும் இருக்கின்றன.

இத்தனை இருந்தும், "என் மேல் தடை இருக்கிறதா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு நமது நண்பருக்கு ஏன் பதில் இல்லை? ஏனென்றால், தொழிலாளியை அனுப்புவதற்கு ஏற்பாடு செய்தவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றி யோசிக்கவில்லை. அவர் அனுப்புகிற பணத்துக்குக் கணக்கு உண்டு. அவருக்குக் கணக்கு இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: அவுட் பாஸில் திரும்புகிற ஒவ்வொருவருக்கும், எந்த உத்தரவில், யாரால், எத்தனை காலத்துக்கு அனுப்பப்படுகிறார் என்று தூதராலயம் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவுட் பாஸ் அச்சிடுகிற ஆபீசுக்கு ஒரு பக்கம் கூடுதலாக அச்சிடுவது பெரிய காரியமா?

இரண்டு: தடை நிலையைக் கேட்டு மனுக் கொடுத்தால், தூதராலயம் அந்நாட்டு இலாகாவிடம் விசாரித்து 30 நாளில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று: சம்பளப் பாக்கி வைத்த கம்பெனியின் "ஓடிப்போனான்" புகாரை மட்டும் வைத்துத் தடை போடக்கூடாது என்பதைத் தொழிலாளர் ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டும்.

நான்கு: தடை இருக்கிறவரை அனுப்பித் திருப்பி வரச் செய்த ஏஜெண்டிடமிருந்து முழுப் பணத்தையும் வசூலித்துக் கொடுக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. திரும்பி வந்த தொழிலாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அவுட் பாஸ் நகல், விசா எண், அடையாள அட்டை எண், வெளியேறிய தேதி, கேஸ் எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். பொது மன்னிப்பில் வந்தவர்கள் அந்தக் காகிதத்தைக் கண்ணைப் போல் காப்பாற்றுங்கள். அமீரகத்தில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடந்த மன்னிப்பில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் காகிதம்தான் தடை இல்லை என்பதற்குச் சாட்சி. பதில் எழுத்தில் வரும் முன் ஒரு பைசா கடன் வாங்காதீர்கள். "உள்ளே ஆள் இருக்கு, பேனைத் தூக்கிடலாம்" என்கிறவனிடம், எந்த ஆபீசின் எந்த உத்தரவு என்று காகிதத்தைக் கேளுங்கள். முறையாக நீக்கப்பட்ட தடைக்குக் காகிதம் உண்டு. காகிதம் காட்ட முடியாதவன் திருடன்.

மனுக் கொடுத்தும் பதில் வராவிட்டால், 2005ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி, "என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று வெளிநாட்டு இலாகாவைக் கேளுங்கள். அந்நிய சர்க்காரின் ரகசியத்தை அது கொண்டு வராது. நம் சர்க்கார் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

நமது நண்பருக்காக இரண்டு மனுக்கள் எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் அவர் மறுபடியும் ஆபீசுக்கு வந்தார், இந்தத் தடவை தனியாக அல்ல. பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்தார். ஆறு பேர் கையிலும் பிளாஸ்டிக் பை. ஆறு பேருக்கும் ஒரே கேள்வி.

ஒருவர் கேட்டால் பதில் சொல்லாத ஆபீஸ், ஆறு பேர் சேர்ந்து போனால் நாற்காலி போடும். அறுநூறு பேர் போனால் கதவைத் திறந்து வெளியே வந்து பேசும். அடுத்த மாதம் ஜில்லாக் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிளாஸ்டிக் பை இருந்தால், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.